வரைபடத்தில் இருந்த மாடிப்படி

மூன்றாம் மாடியில் மரத்தடுப்பைக் கழற்றிய மேஸ்திரி இன்ஜினீயரைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், பின்னாடி படி இருக்குன்னு சொன்னீங்க."

"இருக்கு. பாருங்க."

"சுவர்தான் இருக்கு."

இன்ஜினீயர் கையிலிருந்த வரைபடத்தை விரித்தார். முப்பது வருடத்துக்கு முன் அனுமதி பெற்ற வரைபடம். மூன்று மாடி அலுவலகத்துக்கு முன்னால் ஒரு படி, பின்னால் ஒரு படி. கீழே ஊதா நிறத்தில் முத்திரை. முத்திரை விழுந்த காகிதத்தை டேப் வைத்து அளந்து பார்ப்பது இன்ஜினீயருக்கு வழக்கமில்லை.

பதினோரு மாதமாக அந்த அலுவலகத்தை ஒன்பது வீடுகளாக மாற்றிக்கொண்டிருந்தார். பின்பக்கப் படியைக் கடைசியில் திறந்து வெள்ளையடித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். தடுப்பின்மேல் ஒரு தகரப் பலகை தொங்கியதும் அதற்கு ஒரு காரணம். சிவப்பு எழுத்தில், 'அவசர வழி. இதன் முன் எதையும் வைக்காதீர்.' இவ்வளவு கண்டிப்பாக எழுதியவர்கள் படி இல்லாமலா எழுதியிருப்பார்கள்? அந்த அலுவலகம் காலி செய்து பல வருடம் ஆகிவிட்டது. கட்டடமும் இரண்டு கை மாறிவிட்டது. கேட்க ஆளில்லை.

பதினோரு மணிக்குத் தீயணைப்புத் துறை அதிகாரி வருகிறார். இரண்டு படி இருந்தால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் குடியேறலாம். முதலில் குடியேற வேண்டியவர் இன்ஜினீயர்தான். மூன்றாம் மாடியில் ஒரு வீட்டைத் தனக்கே வாங்கியிருந்தார். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, நான்கு நாளாக மனைவியின் அக்கா வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, சாமானை லாரியில ஏத்தியாச்சு."

"இன்னிக்கு வேணாம். ஒரு சின்ன சிக்கல்."

"அத்தான்தான் முன்னாடி நின்னு ஏத்தறார். நாலு நாளா இல்லாத சுறுசுறுப்பு. அவர்கிட்ட போய் வேணாம்னு நான் எப்படிச் சொல்றது?"

போனை வைத்துவிட்டு இன்ஜினீயர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "படியை மூடிச் சுவர் வெச்சிருப்பாங்க. உடைங்க."

மேஸ்திரி உடைத்தார். எட்டாவது அடியில் ஓட்டை விழுந்தது. அந்தப் பக்கம் சுவர்க் கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்த ஒருவர், கண்ணாடி விழுந்ததும் இன்ஜினீயரைப் பார்த்தார். முகத்தில் பாதி நுரை.

"இங்க ஒரு மாடிப்படி இருக்கணுமே," என்றார் இன்ஜினீயர்.

"இங்க ஒரு சுவர் இருந்துச்சு," என்றார் அவர்.

மணி ஒன்பதரை. மேஸ்திரிதான் யோசனை சொன்னார். "நெருப்புத் தாங்குற கதவு ஒண்ணு மிச்சம் கிடக்கு சார். இதுல மாட்டிடலாம். இவங்க வீட்டு வழியா இறங்கினா அதுவும் ரெண்டாவது வழிதானே."

"உனக்குப் புத்தி இருக்கா?" என்றார் இன்ஜினீயர். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "கதவை எடுத்துட்டு வா."

பக்கத்து வீட்டுக்காரர் நுரையைத் துடைத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்.

"தீப்பிடிச்சா மட்டும்தான் வருவோம்," என்றார் இன்ஜினீயர்.

"எத்தனை பேரு?"

"ஒரு முப்பத்தாறு பேர்."

அவர் மனைவி உள்ளிருந்து வந்தார். "யாரா இருந்தாலும் செருப்பைக் கழட்டிட்டுத்தான் வரணும். இப்பத்தான் தரை போட்டிருக்கோம். அப்புறம், ஞாயித்துக்கிழமை நாங்க வீட்ல இருக்க மாட்டோம். பூட்டிட்டுப் போயிடுவோம்."

"ஞாயித்துக்கிழமை பிடிக்காம நாங்க பாத்துக்கறோம்மா," என்றார் மேஸ்திரி.

பதினோரு மணிக்குக் கதவு நின்றது. சிமெண்ட் காயவில்லை. பழைய தகரப் பலகையைத் துடைத்துக் கதவின் மேலேயே மாட்டியிருந்தார்கள்.

அதிகாரி இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கூட வந்த டிரைவர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், மூன்றாம் மாடி ஏறியதும் யாரையும் கேட்காமல் இடப்பக்கம் திரும்பி, மூலையில் இருந்த குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தார்.

அதிகாரி தண்ணீர்க் குழாய்களைப் பார்த்தார், தீயணைப்பான்களைப் பார்த்தார், தலையாட்டினார். கடைசியில் கதவைத் தள்ளினார். அது ஒரு சாப்பாட்டு மேசையில் இடித்து நின்றது. மேசையில் நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நிஜமாவே பிடிச்சிருச்சா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர், கவளத்தைக் கையில் பிடித்தபடி.

"இல்ல, சும்மா பாக்க வந்தோம்," என்றார் இன்ஜினீயர்.

"அப்ப செருப்பு?" என்றார் அவர் மனைவி.

அதிகாரி கதவைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார்.

"இது இன்னொருத்தர் வீடு."

"ரொம்ப நல்ல மனுஷங்க சார்."

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணை நான் பாத்ததில்ல. இங்க ஒருத்தர்கூடக் குடியேறக் கூடாது. நாளைக்கே ஆர்டர் வரும்."

அவர் முன்பக்கப் படியில் விறுவிறுவென்று இறங்கினார். ஒரு மாடி இறங்கியதும் நின்றார். கீழே, படி திரும்பும் இடத்தில், ஓர் இரும்பு பீரோ குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, மேலயும் போகல, கீழயும் வரல. அத்தான் இன்னும் தள்ளிக்கிட்டே இருக்கார்."

"விடமாட்டேன்," என்றது அத்தானின் குரல். "இன்னிக்கு இவங்களைக் குடிவெச்சுட்டுத்தான் போவேன்."

அதிகாரி பக்கவாட்டில் நுழைந்து பார்த்தார். தோள்வரை போனார். திரும்பி வந்தார். அவருடைய முகம் வெளுத்திருந்தது.

"இப்ப இந்த நிமிஷம் தீப்பிடிச்சா நான் என்ன பண்றது?"

"செருப்பைக் கழட்டணும் சார்," என்றார் மேஸ்திரி.

வேறு வழியில்லை. மறுபடி மூன்றாம் மாடி ஏறி, அந்தக் கதவின் முன் அதிகாரி குனிந்து காலணியைக் கழற்றினார். இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது தகரப் பலகை கண்ணில் பட்டது.

"இது பழைய போர்டு. இதை யார் வெச்சது?"

"முன்னாடியே இருந்தது சார். அதை நம்பித்தான் நான்..." என்றார் இன்ஜினீயர்.

"வெறும் சுவத்துல அவசர வழின்னு மாட்டிட்டு, அதுக்குள்ள உக்காந்து ஒரு கூட்டம் வேலை பாத்திருக்கு. யாருய்யா அவங்க? பேரைக் கண்டுபிடிங்க. ஒருத்தரையும் விடப்போறதில்ல."

பின்னால் நின்ற டிரைவர் தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அந்த போர்டை மாட்டினது நான்தான் சார். பதினெட்டு வருஷம் நம்ம தீயணைப்பு ஆபீஸ் இங்கதானே இருந்துச்சு."