தையற்காரர் தோமினிக் வாயுவை வென்ற படலம்

கிழிந்ததையெல்லாம் கூட்டிச் சேர்க்கும் ஊசிவேல் ஏந்தியவரும், பொத்தானுக்குக் காஜா எடுப்பதில் நிகரற்றவரும், செஞ்சிக் கடைவீதியின் கத்தரிக்கோல் காவலருமான தோமினிக்கை முதற்கண் வணங்குவோம். ஏனெனில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டு ஐப்பசி ஞாயிறொன்றில், அப்பெருந்தகை தம் வயிற்றுக்குள்ளேயே பகைவனைச் சந்தித்தார்.

அன்று அவர் மகள் லில்லியைப் பெண்பார்க்க அவலூர்பேட்டையிலிருந்து அருளானந்தம் குடும்பத்தார் வருவதாயிருந்தது. முந்தின நாள் மூன்றுமுறை கேட்டு வாங்கி உண்ட மொச்சைக்கொட்டைக் குழம்போ வாயுவேந்தனாய் அவதரித்து, ராஜகிரிக் கோட்டையை வளைத்த சேனைபோல் அவர் விலாவடியில் பாசறை அமைத்து, மேல்வாயிலும் அடைத்துக் கீழ்வாயிலும் அடைத்து உள்ளே முரசறைந்தது. பெருங்காய வெந்நீராகிய, முன்செல்லும் தூசிப்படை முறிந்தது. ஓமநீராகிய யானைப்படை மண்டியிட்டது. புதுவேட்டியோ இடுப்பில் நிற்க மறுத்தது. மாப்பிள்ளை வீட்டார்முன் எசகுபிசகாக ஏதேனும் வெடித்தால் பெண்ணின் வாழ்வு என்னாகும் என்று அத்தந்தையின் உள்ளம் நடுங்கிற்று.

மாதாகோயிலில் ஞாயிற்றுப் பூசை முடிந்ததும் அவர் அடைக்கலம் புகுந்தது, பஸ் ஸ்டாண்டு அருகே ஓமியோபதிப் பெட்டி வைத்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ராஜாராமிடம்.

"லைக்கோபோடியம். பாசி மாதிரி படர்ற செடிலேர்ந்து எடுக்கிறாங்க. நாலு உருண்டைய நாக்குக்கு அடியில வைய்யி. அரைமணி நேரம் காபியத் தொடாத!" என்று முழங்கினார் வாத்தியார்.

வீடு வந்து சேர்ந்தபின், கடுகினும் சற்றே பெரிய அவ்வெண்ணிற வீரர் நால்வரும் நாவடியில் இறங்கிய ஐந்தாம் நிமிடமே, விதியின் வஞ்சனையால், விருந்தினர் வாசலில் நின்றனர். மனைவி லூர்துமேரி ஆவி பறக்கும் காபியை அனைவர் கையிலும் தந்தாள். அனைவரும் பருகினர், தோமினிக் மட்டும் டம்ளரை ஏந்தியபடி சிலையானார்.

அருளானந்தத்தின் புருவம் வில்லாய் வளைந்தது. "இன்னாங்க, எங்களோட காபி குடிக்கக்கூட மனசு வரலியா?"

மறுமொழி கூற வாய்திறந்தார் நாயகர். செடியின் மகிமையோ, வாயுவின் மனமாற்றமோ யாமறியோம். கார்கால இடியொன்று செஞ்சிக்கோட்டைக் கல்யாணமகால் கோபுரத்தினின்று உருண்டு வந்தாற்போன்ற பேரேப்பம் புறப்பட்டு, ஓட்டுக்கூரையை அதிரச்செய்து, கூடத்தில் நின்ற கோழியைத் தெருவுக்கு விரட்டியது.

"மருந்து சாப்ட்டிருக்கன்... காபி ஆவாதுன்னாங்க... வாயுங்க," என்றார் தோமினிக், தரையைப் பார்த்து.

அருளானந்தம் டம்ளரைக் கீழே வைத்தார். "அடக் கடவுளே! பத்து வருசமா எனக்கும் இதே ரோதனைதாங்க. இன்னா மருந்து, எங்க குடுக்கிறாங்க?"

கதவோரம் லில்லி முந்தானையால் வாயைப் பொத்தினாள். பாயில் அமர்ந்திருந்த மாப்பிள்ளை ஜோசப்ராஜ் அதைக் கண்டு, அடக்கமாட்டாமல் வாய்விட்டுச் சிரித்தான். இருவர் விழிகளும் அக்கணமே உடன்படிக்கை செய்துகொள்ள, இரு குலத் தலைவரும் தோளோடு தோள் சேர்த்து, வெற்றிக்கொடி பறக்க, வாத்தியார் வீடு நோக்கிப் படைநடத்தினர்.

கல்யாணத்தைத் தை மாசம் வைத்துக்கொண்டார்கள்.