ஊமைப்படத்தாரின் பேரம்

இந்தத் தடவை பெண்டாட்டியிடம் ஜெயித்தே தீருவது என்று ஊமைப்படத்தார் கங்கணம் கட்டிக்கொண்டார்.

குடியிருப்பில் எல்லோரும் வைத்த பெயர் அது. தண்ணீர் வரி ஆபீஸில் குமாஸ்தா. அங்கே அவர் வாயைத் திறந்தால் வரி பாக்கிக்காரர்கள் நடுங்குவார்கள். வீட்டில் அவர் வாயைத் திறப்பது சாப்பிடத்தான். ஆசை ஒன்றே ஒன்று. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், அதிலும் பேச்சே இல்லாதவை. முதலில் கேசட்டாக வந்தன, அப்புறம் டிஸ்க்காக. ஹால் அலமாரி நிரம்பி, பீரோவில் புடவைக்கு அடியில் புகுந்து, கடைசியில் பருப்பு டப்பாவுக்குப் பின்னாலும் ஒன்று அகப்பட்ட அன்று வீட்டம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"இனிமே ஒரு டிஸ்க் உள்ள வந்தா, இருக்கிறதெல்லாம் வெளிய போகும்."

வீட்டம்மா நெசவு மில்லில் சூப்பர்வைசர். நாள் முழுக்கத் தறிகளின் இரைச்சலில் நிற்பவள். வீட்டில் அதிகம் பேசமாட்டாள். பார்ப்பாள். அந்தப் பார்வைக்கே இவர் பாதி உண்மையைக் கக்கிவிடுவார்.

இந்த நேரம் பார்த்துத்தானா டிஸ்க் கடைக்காரர் போன் செய்யவேண்டும்? குடைக்காரக் கோமாளியின் ஊமைப்படங்கள் மொத்தமும், கீறல் நீக்கி, ஒரே பெட்டியில் வந்திருக்கிறதாம். இருப்பது ஒரே ஒரு பெட்டி. இவரைப் போலவே படம் சேர்க்கும் பல் டாக்டர் வேறு வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஊமைப்படத்தார் பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளே வீட்டம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் ஒரு கண் இருக்கட்டும் என்று ஹாலைப் பார்த்தபடியே நின்று பேசினார். ஆள் உஷார்.

"பெட்டியை டாக்டருக்குக் குடுத்துடாதீங்க. அவகிட்ட பேரம் பேசப்போறேன்."

"படியுமா சார்?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் பாத்திரம் தேய்க்கிறேன்னு ஆரம்பிப்பேன். மசியலன்னா தினமும் ராத்திரி. ரொம்பப் போனா, அவங்கம்மா மூணு மாசம் வந்து தங்கட்டும். அதுக்கு மேல ஒரு இஞ்ச் நகரமாட்டேன்."

"அவங்க காதுல விழுந்துடப்போகுது சார்."

"கண்ணாடிக் கதவுய்யா. ஒரு சத்தம் போகாது."

உள்ளே வீட்டம்மா ஒரு தலையணை உறையை மடித்துவிட்டு, அவரைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல மூடில் இருக்கிறாள், இதுதான் சமயம் என்று உள்ளே போனார்.

"ஏம்மா, நீ எவ்வளவு கஷ்டப்படுற. ஞாயித்துக்கிழமை பாத்திரம் நான் தேய்ச்சுடறேன்."

"என்ன பெட்டி?"

"பெட்டியா? அது... டிஸ்க் பெட்டி. சின்னதுதான்."

"ஞாயித்துக்கிழமை மட்டும் சாப்பிடறவங்க வீட்ல போய்ச் சொல்லுங்க."

"சரி, ஒரு நாள் விட்டு ஒரு நாள்?"

அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

"தினமும் ராத்திரி. போதுமா?"

"எங்கம்மாவுக்கு இடுப்பு வலி. இங்க வந்து இருக்கட்டும்."

"ஒரு மாசம்."

"மூணு."

ஊமைப்படத்தாருக்கு உள்ளுக்குள் மத்தளம் கொட்டியது. முகத்தை மட்டும் தொங்கப்போட்டுக்கொண்டு, பெருமூச்சு விட்டு, நெற்றியைத் தடவி, "உனக்காக ஒத்துக்கறேன்" என்றார். கோமாளியே கைதட்டியிருப்பான். போட்ட கோட்டை ஒரு நூல்கூடத் தாண்டவில்லை. கல்யாணமானதிலிருந்து அவர் ஜெயித்த முதல் சண்டை இது.

பெட்டி வந்தது. ராஜா போல நடு சோபாவில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியாரையும் அழைத்துப் படத்தைப் போட்டார். வீட்டம்மாவும் வந்து உட்கார்ந்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் இவரோடு உட்கார்ந்து பார்க்கும் முதல் ஊமைப்படம்.

கோமாளி குடையை வீசிவிட்டுக் காதலி முன்னால் மண்டியிட்டான். திரையில் வந்த வசன அட்டையை வாத்தியார் உருக்கமாகப் படித்தார்: "கண்ணே, உன் காலடியில் என் உயிர்."

வீட்டம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அழவேண்டிய இடம்மா இது" என்றார் ஊமைப்படத்தார்.

"அவன் எங்க அதைச் சொன்னான்? பூட்ஸ் கடிக்குது, சீக்கிரம் எடுத்து முடிங்கய்யான்னு சொல்றான். அதுக்கு அவ, வெங்காயம் தின்னுட்டுக் கிட்ட வராதேங்கறா."

வாத்தியார் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"தறி ஓடுற இடத்துல காதுக்கு என்ன சார் வேலை? நாங்க எல்லாரும் உதட்டைப் பாத்துத்தான் பேசிக்குவோம். ஷெட்டுக்கு அந்தக் கோடியில ஒருத்தி முணுமுணுத்தாலும் எனக்குத் தெரியும்."

"எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே" என்றார் கணவர்.

"மில்லைப் பத்தி நீங்க எங்க கேட்டீங்க?"

அது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் சந்தோஷம் அதை அமுக்கிவிட்டது. ஊமைப்படத்தைப் பேசவைக்கும் மனைவி எந்த சேகரிப்பாளனுக்கு வாய்க்கும்? பல் டாக்டர் வயிறெரிந்தே சாகட்டும். உடனே டிஸ்க் கடைக்காரரிடம் பீற்றிக்கொள்ளப் பால்கனிக்கு ஓடினார். கதவைச் சாத்தினார். வழக்கம்போல ஹாலைப் பார்த்தபடி நின்றார்.

"ஹலோ, நான்தான். விஷயம் தெரியுமா, என் பெண்டாட்டி..."

வாய் அப்படியே நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வீட்டம்மா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் மெதுவாகக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவள் அங்கிருந்தே சத்தமில்லாமல் ஏதோ சொன்னாள். ஆயிரம் ஊமைப்படம் பார்த்தவருக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. படமாக இருந்தால் அட்டை போட்டிருப்பார்கள். அவளே எழுந்து வந்து கதவைத் திறந்தாள்.

"பாத்திரம் ஊறுதுன்னேன். நீங்க மூணு மாசத்துக்கு மேல ஒரு இஞ்ச் நகரமாட்டேன்னீங்க, பாவம்னு நானும் அதோட விட்டுட்டேன்."