ஆறுதல் நானாவின் இரும்பு

திருகோணமலையில் மேலேயிருந்து கீழே வருகிற எதுவும் ஆறுதல் நானாவிடம் உத்தரவு வாங்கித்தான் வரும். மழை மட்டும் அவரைக் கேட்காது. அதில் அவருக்குத் தீராத மனத்தாங்கல். "இப்பிடியா கொட்டுறது, கொஞ்சம் ஆறுதலா இறங்கினா என்ன?" என்று வானத்தைப் பார்த்துக் கடிந்துகொள்வார்.

அவருடைய தொழில் மரக்கொப்பு இறக்குவது. வீட்டுக்கு மேல் சாய்ந்த கொப்பை வெட்டினால் ஓடு நொறுங்கும் அல்லவா? வெட்டுகிறவர் மேலே ஏறுவார், நானா கீழே நின்று கயிற்றைப் பிடிப்பார். கொப்பில் கட்டிய கயிறு மேலே ஒரு கப்பி வழியாகக் கீழிறங்கி, மரத்தடியில் சங்கிலியால் இறுக்கிய ஒரு குட்டை இரும்புத் தூணைச் சுற்றிக்கொண்டு அவர் கைக்கு வரும். படகு கட்டுவதற்கென்று வார்த்த தூண் அது. வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது கழித்துப் போட்ட சாமானோடு கிடந்தது, கயிறும் அங்கே கிடந்ததுதான். கயிறு அதில் உரசி உரசி இளகும்போது நானா "ஆறுதலா, ஆறுதலா" என்று தாலாட்டாத குறையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். யானைக்கன்று அளவு கொப்பு, அடைகாக்கும் கோழி மாதிரி நிலத்தில் குந்தும். அப்படி வந்த பெயர்தான் இது. பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்கே தெரியாது.

"என்ன நானா, கொப்பை விழுத்தியாச்சோ?" என்று யாராவது கேட்டால் போச்சு.

"விழுறவன் கள்ளுக் குடிச்சவன், தம்பி. என்ட கயித்தில வந்தது ஒண்டும் விழயில்ல. எல்லாம் இறங்கினது."

இரும்பில் எத்தனை சுற்றுப் போடுவது என்பது கொப்பின் பாரத்தைப் பொறுத்தது. சின்னதுக்கு ஒன்று, பெரியதுக்கு மூன்று. நாளடைவில் மனிதர்களையும் அவர் இப்படியே அளக்கத் தொடங்கினார். நான் வேலை பார்த்த கந்தோரின் சீப் கிளாக்கரை முதன்முதலாகப் பார்த்தபோது, தலையிலிருந்து கால்வரை நோட்டம் விட்டுவிட்டு என் காதில் "நாலு" என்றார்.

ஒவ்வொரு கொப்பு இறங்கியதும், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல இரும்பில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "சுடுகுது. ஆறட்டும். இந்தச் சூட்டில கயிறு கருகிப்போகும்" என்பார். வேலையாட்கள் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்துவிடுவார்கள். இரும்பு ஆறும், தேத்தண்ணியும் ஆறும், வேலை கொடுத்தவர் மட்டும் கொதித்துக்கொண்டு நிற்பார்.

அவருடைய கயிற்றை யாரும் மிதிக்கக்கூடாது. மிதித்தால் மண் உள்ளே போய் நாரை அறுக்கும். இது நியாயமான காரணம். மிதித்தவர் கயிற்றிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பது மட்டும் நானாவின் சொந்தச் சட்டம். சீப் கிளாக்கர் ஒருநாள் தெரியாமல் மிதித்துவிட்டார். "ஐயா, ஒரு சொல்லுச் சொல்லிட்டுப் போங்க, அது பொறுத்துக்கொள்ளும்" என்றார் நானா. கிளாக்கர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குனிந்து, கயிற்றிடம் "சொறி" என்றார். துறைமுகத்துக் கயிறுதானே, இங்கிலீசு விளங்கும் என்று நானாவும் ஏற்றுக்கொண்டார்.

பெயர் செய்த வேலை, கெட்ட செய்தி சொல்லவும் ஊரார் அவரையே அனுப்பத் தொடங்கினார்கள். எங்கள் கந்தோர்ப் பியோனின் பசு கிணற்றில் விழுந்து செத்தபோது வந்தார். முதலில் மழையைப் பற்றிக் கதைத்தார். பிறகு கிணறுகளைப் பற்றி. பிறகு, பொதுவாக, மாடுகளின் ஆயுசைப் பற்றி.

"நானா, என்ட மாடு செத்துப்போச்சோ?" என்று பியோனே கேட்டுவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க, நான் இன்னும் அவ்வளவு தூரம் இறக்கயில்ல" என்றார் நானா.

இப்படிப்பட்டவருக்கு எங்கள் கந்தோர் வளவில்தான் கண்டம் காத்திருந்தது. அங்கே வாகை மரமொன்றின் கொப்பு சைக்கிள் கொட்டிலுக்கு மேல் சாய்ந்து நின்றது. நானா வந்தார். இரும்பைக் கட்டினார். மூன்று சுற்றுப் போட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேலே கொப்பு முறிந்தது. வழக்கமாகக் கயிறு இரும்பில் முனகிக்கொண்டு இளகும். அன்று முனகவே இல்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. "விலகுங்க, எல்லாரும் விலகுங்க" என்று நானா கத்திக்கொண்டே கடைசிவரை பிடித்துப் பார்த்தார். தடால். கொட்டிலும், உள்ளே நின்ற சீப் கிளாக்கரின் புதுச் சைக்கிளும் அப்பளமாகிவிட்டன. நல்லகாலம், ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. நானாவின் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

அந்தக் கையை, பழக்கதோஷத்தில், இரும்பில் வைத்தார். எடுத்து மூக்கருகே வைத்து மணந்து பார்த்தார். நானும் தொட்டுப் பார்த்தேன். தேங்காயெண்ணெய். தலைக்கு வைக்கிற நல்ல எண்ணெய். கயிறு முழுவதும் கழன்று ஓடிவிட்டதால், எத்தனை சுற்று இருந்தது என்பதற்கு எங்கள் இருவரையும் தவிரச் சாட்சி இல்லை.

"என்ன நடந்தது?" என்று சீப் கிளாக்கர் ஓடிவந்தார்.

"மூண்டு போடவேண்டிய இடத்தில ரெண்டு சுத்துப் போட்டிட்டன், ஐயா. என்ட பிழை."

நான் வாயைத் திறந்தேன். நானா என் காலை மிதித்தார். கயிற்றைக்கூட மிதிக்காத மனிதர்.

மறுநாளே அவர் தடால் நானா ஆகிவிட்டார். முதலில் சிறுவர்கள் அப்படிக் கூப்பிட்டார்கள், பிறகு பெரியவர்களும். கொப்பு இறக்க ஒருவரும் கூப்பிடவில்லை. கெட்ட செய்தி சொல்லக்கூட வேறு ஆளைத் தேடினார்கள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஒரு லீவு நாளில் தோணித்துறையில் தோணி ஏறி, நானாவின் வீடு இருந்த கிண்ணியாவுக்குப் போனேன்.

முற்றத்தில் நானாவின் மனைவி ராத்தா அந்த இரும்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துணியில் எண்ணெய் தோய்த்துப் பூசிக்கொண்டிருந்தார். அதுவரை மரம் அடுக்கி விற்கிற மரக்காலையில் கிடந்த இரும்பு, அந்த மாரி மழைக்குத்தான் முதன்முறையாக வீட்டுக்கு வந்திருக்கிறது. உப்புக் காற்று அடிக்கிற ஊர். பூட்டு, சைக்கிள், நங்கூரம் என்று இரும்பென்றால் எண்ணெய் போடாமல் இங்கே யாரும் விடமாட்டார்கள். எண்ணெய் படவே கூடாத ஒரே இரும்பு அதுதான். உரசினால்தானே கயிறு நிற்கும்.

"துருப்பிடிச்சா முறிஞ்சுபோகும், தம்பி. இத நம்பித்தானே இவர் மரத்துக்குக் கீழ நிக்கிறார்" என்றார் ராத்தா. "என்ட தலைக்கு இல்லாட்டியும் இதுக்கு வைக்கிறன். பாருங்களன், அண்டைக்கு ஒரு சுத்துக் குறைச்சுப் போட்டாராம். வயசு போகுது. நான் எண்ணெய் வச்சு அனுப்பினபடியால ஒரு ஆளுக்கும் ஒண்டும் ஆகயில்ல."

கையில் துணி சுற்றியிருந்த நானா தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டு "ஓம்" என்றார்.

காலம் போனது. நாலைந்து பேர் துணிந்து கூப்பிட்டார்கள். ஒவ்வொரு கொப்பாக இறக்கி இறக்கிப் பழைய பெயரையும் கீழே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். ஒரு வித்தியாசம், எந்த வேலைக்குப் போனாலும் முதலில் ஒதுக்குப்புறமாக உட்கார்ந்து, சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டு அந்த இரும்பைத் தேய்ப்பார். ராத்தா வீட்டில் பூசப் பூச, இவர் வெளியில் தேய்த்துக்கொண்டேயிருந்தார்.

"நானா, ஊருக்கெல்லாம் கெட்ட செய்தி இறக்கினீங்கள். ராத்தாவிட்ட இதைச் சொல்லக்கூடாதோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

சாம்பல் கையோடு நிமிர்ந்தார். "சொல்லத்தான் வேணும், தம்பி. மழையைப் பத்திக் கதைக்கத் துவங்கியிருக்கிறன்."

எனக்கு அவரை அப்படியே கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ராத்தா இருந்தவரைக்கும் அவர் அந்த மழையைத் தாண்டவில்லை.