வீட்டுக்கு ஒரு அசாதாரணம் போதும்

"மிஸ்டர் சியூ, நீங்க அசாதாரணத் திறமைசாலின்னு எப்படி நிரூபிக்கப் போறீங்க?"

வக்கீல் அம்மாள் போனில் சாதாரணமாகத்தான் கேட்டார். சியூ வென்போ, 'யோசிச்சுச் சொல்றேன்' என்று போனை வைத்துவிட்டான். கொசுவுக்கு எப்படிக் காது கேட்கிறது என்று வருடக்கணக்காக ஆராய்கிறவன் அவன். வசந்தத்தோடு விசா முடிகிறது. அசாதாரணத் திறமைசாலி என்று மனுப் போட்டு, நிரந்தரமாகத் தங்கவிடும் கிரீன் கார்டு வாங்காவிட்டால் அமெரிக்காவின் அயோவாவை விட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மனைவி லான்ஷியா கோதுமை நோய்களை ஆராய்கிறவள். கொழுக்கட்டை மாதிரி டம்ப்ளிங் மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நானும் ஒரு மனு போடட்டுமா?"

"எதுக்கு? வீட்டுக்கு ஒரு அசாதாரணம் போதும். எனக்குக் கிடைச்சா என் பெண்டாட்டின்னு உனக்கும் வந்துடும்."

"கிடைக்கலேன்னா?"

"அபசகுனமா பேசாதே!" என்றான். அவன் மடித்த டம்ப்ளிங் வாயைப் பிளந்தது.

இந்த மனுவில் ஒரு கூத்து உண்டு. பெரிய பேராசிரியர்கள் பாராட்டுக் கடிதம் தருவார்கள். ஆனால் அதை எழுதிக் கொடுக்க வேண்டியது பாராட்டப்படுகிறவனேதான். அவர்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். யார் புகழ்ந்தாலும் 'சேச்சே, நானெல்லாம் என்ன' என்று சொல்லியே வளர்ந்த வென்போ, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எழுதினான்: 'இவருடைய ஆராய்ச்சி ஓரளவு பயன்படலாம். பிழைகள் இருந்தால் அவை இவருடையவை.'

லான்ஷியா தலையில் அடித்துக்கொண்டாள். "இது பாராட்டா, வாக்குமூலமா?"

"கூட்டி எழுதி மாட்டிக்கிட்டா? பிளேன்ல ஏத்திடுவாங்க!"

"சரி, நான் எழுதித் தரேன். முதல்ல நீ ஒரு மாதிரிக் கடிதம் எழுதிக் காட்டு."

"யாரைப் பத்தி?"

"என்னைப் பத்தித்தான் எழுதேன். கை பழகட்டும்."

தன்னைப் பற்றி இல்லை என்றதும் பயம் போன இடம் தெரியவில்லை. எத்தனை வயல்கள் அவளால் பிழைத்தன, எந்தெந்த நாட்டில் அவள் முறையைப் பின்பற்றுகிறார்கள் என்று எழுதித் தள்ளினான். எல்லாம் உண்மை. வீட்டில் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத உண்மை. படித்துப் பார்த்தபோது அவனுக்கே கண் கலங்கியது.

"பிரமாதம்" என்று அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். சொன்னபடி அவனுக்கும் நல்ல கடிதங்கள் எழுதிக் கொடுத்தாள். அவன்தான் பயந்து, வரிக்கு வரி 'ஓரளவு' சேர்த்து அனுப்பினான்.

அப்புறம் தபால் வண்டிச் சத்தம் கேட்டாலே அவனுக்கு வியர்க்கும். கடைசியில் பதில் வந்தது. மனு நிராகரிக்கப்பட்டது. தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"போச்சு லான்ஷியா! பெட்டியை எடு, கிளம்புவோம்."

"எதுக்கு? என் மனு பாஸாயிடுச்சே."

"உன் மனுவா? எப்பப் போட்டே?"

"நீ மாதிரிக் கடிதம் எழுதிக் குடுத்தியே, அந்த வாரமே. பேராசிரியருங்க ஒரு எழுத்தைக்கூட மாத்தலை."

"அப்ப என் கதி?"

"நீ அசாதாரணம்னு யாருக்கும் காட்ட வேண்டாம். என் புருஷன்னு காட்டினாப் போதும். கல்யாணச் சான்றிதழ் எங்கே?" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

வென்போ துள்ளி எழுந்தான். அதை எங்கே வைத்தோம்? ஓடிப்போய் எல்லா அலமாரியையும் கலைத்துப் போட்டான்.

அதை அவள் போன மாதமே வக்கீலிடம் கொடுத்திருந்தாள்.