கடலைத் திறந்து விடுபவர்

ஊர்காட்டி என்று ஓர் இனம் உண்டு. ஆப்பிரிக்கக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் மொம்பாசாவில் டிசம்பர் பிறந்ததும் பேருந்து நிலையங்களில் தென்படும். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கும். உள்நாட்டிலிருந்து வந்திறங்கும் உறவினரின் பையைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "நம்ம ஊர்ல வெயில் இப்படித்தான்" என்று, அந்த வெயிலையே தான் ஏற்பாடு செய்துவைத்ததுபோல் சொல்லும். இது இங்கே பிறந்ததா? இல்லை, பிழைக்க வந்தது. அறை, வேலை, சந்தை, சர்ச் என்ற நான்கு இடங்களைத் தாண்டி இந்த ஊரில் எதையும் பார்த்ததில்லை. ஆனால் விருந்தாளி ஒருவர் வந்துவிட்டால் போதும். ஒவ்வொரு தெருவுக்கும் சரித்திரம், ஒவ்வொரு கட்டடத்துக்கும் வயது, ஒவ்வொரு கேள்விக்கும் பதில். தெரியாது என்ற சொல் மட்டும் வராது.

எங்கள் கிடங்கில் எழுத்தராக இருக்கும் மகோகாவை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருட மொம்பாசாவாசி. ஊரின் பழைய கோட்டைக்குள் கூட்டிப்போகச் சொன்னால், "உள்ள ஒண்ணுமில்ல, வெளியிலேருந்து பார்த்தாத்தான் அழகு" என்பார். உள்ளே போயிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இளநீர் வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவார்.

போன டிசம்பரில் அவருக்கு வந்த விருந்தாளி சாதாரண ஆளில்லை. அவர் கட்டிக்கொள்ள நினைக்கும் நர்ஸ் நசிமியுவின் அப்பா கயெம்பா, ஒரு பகலும் ஓர் இரவும் பேருந்தில் உட்கார்ந்து புங்கோமாவிலிருந்து வந்திருந்தார். முதல் முறையாகக் கடலைப் பார்க்க வேண்டும், அப்படியே பையனையும் பார்க்க வேண்டும். அவர் தலையாட்டினால்தான் பெரியவர்கள் உட்கார்ந்து, பெண்ணுக்காகப் பையன் வீடு கொடுக்கும் மாட்டுச் சீர் பேசுவார்கள். நசிமியு முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க. எங்கப்பா ஒரு பொய்யைப் பிடிச்சார்னா அத்தோட முடிஞ்சுது."

மகோகா சரியென்று தலையாட்டினார். பெரியவர் வந்திறங்கிய மறுநாள் காலையே, பெருஞ்சாலைக்கு மேல் வளைந்து நிற்கும் ராட்சதத் தந்தங்களைக் காட்டி, "அசல் யானையோடது மாமா. அந்தக் காலத்து யானை" என்றார். கயெம்பா கிட்டே போய் விரலை மடக்கித் தட்டினார். தகரச் சத்தம் கேட்டது. பெரியவர் மகோகாவை ஒருமுறை பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கடற்கரை. நசிமியுவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. படம் எடுப்பதற்காக என்னை அழைத்துப் போனார்கள். பெரியவர் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, தென்னைகளைத் தாண்டி வேகமாக நடந்தவர், சட்டென்று நின்றார்.

கடலைக் காணோம்.

ஈரமணல், பச்சைப் பாசி, பாறைகள், ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கும் படகுகள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. அவ்வளவுதான். நானும் பிழைக்க வந்தவன்தான்; ஆனால் எங்கள் வீட்டில் முதலாவதாகப் பட்டம் வாங்கியவன், அதுவும் புவியியலில். கடல் ஏறுவதையும் வற்றுவதையும் பற்றி, நிலாவையெல்லாம் படம் போட்டு, பத்து மதிப்பெண்ணுக்குப் பத்தும் வாங்கியிருக்கிறேன். அந்தப் படம்தான் என் காலடியில் கிடக்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை. கடல் எங்கே போயிற்று என்று நானும்தான் திருதிருவென்று விழித்தேன்.

மகோகா மட்டும் அசரவில்லை. "காலையில இப்படித்தான் மாமா. மதியம் துறைமுகத்துலேருந்து திறந்து விடுவாங்க."

யாரிடம் சொல்கிறார்? சர்க்கரை ஆலையில் முப்பது வருடம் வால்வு திறந்து மூடியவரிடம். பெரியவரின் நெற்றி சுருங்கியது. யார் திறப்பார்கள், எத்தனை பேர், குழாய் என்ன அகலம் என்று வரிசையாகக் கேட்டார். மகோகா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்களாம். அவர்களுக்குச் சீருடைகூட உண்டாம். நான் அவர் முதுகைக் கிள்ளினேன். நிற்கவில்லை.

பெரியவர் நேராக, நீந்துபவர்களுக்கு டயர் டியூப் வாடகைக்கு விடும் ஹமிசியிடம் போனார். "தம்பி, கடலை எத்தனை மணிக்குத் திறந்து விடுவாங்க?"

ஹமிசி பிறந்து வளர்ந்ததே அந்த மணலில்தான். அவன் பெரியவரைப் பார்த்தான். பின்னால் வேர்த்து வழிந்துகொண்டிருந்த மகோகாவைப் பார்த்தான். நிலைமை புரிந்துவிட்டது.

"சாவி நிலாகிட்ட இருக்கு பெரியவரே. இன்னிக்கு ரெண்டு மணிங்கறா. நாளைக்குக் கேட்டா வேற நேரம் சொல்லுவா."

மகோகாவின் முகம் செத்துப்போயிற்று. பெரியவர் மகோகாவுக்கு முதுகைக் காட்டி ஒரு டியூபின் மேல் இரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தார். மாட்டுச் சீர் மட்டுமில்லை, நசிமியுவும் மணலோடு மணலாகப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

சொன்ன நேரத்துக்குக் கடல் வந்தது. பெரியவர் எழுந்து கணுக்கால்வரை இறங்கினார். சின்ன அலை ஒன்று முழங்காலில் மோதியது. அலறிக்கொண்டு திரும்பி ஓடிவந்து மகோகாவைக் கட்டிப்பிடித்தார். பன்னிரண்டு வருடத்தில் அன்றுதான் கால் நனைத்த மகோகா ஏற்கெனவே அவரைக் கட்டிப்பிடித்திருந்தார்.

மூச்சு நிதானமானதும் கயெம்பா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஊர்ல யாராவது கேட்டா, அந்தா தெரியுது பாருங்க படகு, அதுவரைக்கும் நான் நீந்திப் போனேன்னு சொல்லணும். சொல்லுவீங்களா?"

"சும்மாவா போனீங்க மாமா. அலையில எதிர்நீச்சல் போட்டில்ல போனீங்க."

பெரியவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அதுவரை மகோகாவைத் தம்பி என்று அழைத்துவந்தவர் சொன்னார். "ஜனவரியிலயே உங்க பெரியவங்களைக் கூட்டிட்டு வந்துடுங்க, மாப்பிள்ளை."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் மொம்பாசாவுக்கு வந்ததில்லை, வரப்போவதும் இல்லை. ஆனால் அடுத்த கல்யாணத்தில், பந்திக்குக் காத்திருக்கும்போது, பக்கத்தில் யாராவது ஆப்பிரிக்கா என்று வாயெடுத்தால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மொம்பாசாவா? அங்க காலைல பத்து மணிக்குக் கடலே இருக்காதுங்க" என்று ஆரம்பிக்கப் போவது யார்?