சேதுராமனின் மூளைச் சிக்கனம்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து இரண்டு மாதம். வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராகக் கப்பலேற, சேதுராமனின் அலுவலகத்தில் குமாஸ்தாக்களை மேய்க்கும் தலைமைக் கிராணியின் நாற்காலி காலியானது. முப்பது வருஷமாக அதற்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தவர் அவர். ஆனால் அது அதே அலுவலகத்துத் தம்பிராஜாவுக்குத்தானாம். இருபத்தெட்டு வயசு. சுறுசுறுப்பான மூளையாம்.

மலாக்காவின் காஜா பெராங் பகுதியிலிருந்த வீட்டுக்குள் சேதுராமன் நுழைந்தபோது, அவர் உதறிய செருப்பு ஒன்று அடுப்படி வரை போய் விழுந்தது.

"நான் கிழவனாம்! அம்பத்திரண்டு ஒரு வயசா?"

"யாருங்க சொன்னா?" என்றாள் மனைவி கமலவேணி.

"ஊரே சொல்லுது!"

"சொல்லட்டும். கோப்பி ஆறுது."

மறுநாள் அவர் கையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை. துரை ஒருவர் கழித்துப் போட்டது. ஐம்பதுக்கு மேலும் மூளையை இளமையாக வைத்திருப்பது எப்படி என்று விஞ்ஞானிகள் எழுதியிருந்தார்கள். மனைவியையும் மகள் சீதாவையும் நிற்கவைத்துப் படித்தார்.

"கோபப்பட்டால் ரத்தக்குழாய் இறுகும். அதனால இந்த வீட்டுல இனிமே யாரும் கோபப்படக் கூடாது!" என்று கத்தினார். கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ராஜரத்தினம் வேலியருகே வந்து நின்றார்.

"ரெண்டாவது, ஒரு நேரத்தில் ஒரே வேலை. அஞ்சிலிருந்து ஆறு வரை அந்த நாற்காலிக்கான நேர்முகத் தேர்வுக்கு நான் படிப்பேன். மூச்! மூணாவது, சில்லறை முடிவுகள் மூளையைத் தேய்க்கும். கேட்கவேண்டியதைச் சீட்டில எழுதி இந்த பிஸ்கட் டின் மூடியில வை. ஆறு மணிக்கு மொத்தமா முடிச்சுடுவேன்."

"கட்டின புருஷங்கிட்டப் பேச மனு எழுதணுமா?"

"கோபப்படாதே!"

கமலவேணிக்கு வந்தது சாதாரணக் கோபமில்லை. சீதா சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளியிறுதிப் பரீட்சை தேறியிருந்தாள். பினாங்கில் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் வந்து கிடந்தது. அப்பா கையெழுத்து வேண்டும். மாசக் கடைசிக்குள் போய்ச் சேரவேண்டும். இவரோ பக்கத்துச் செங் ஊரில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். ஏற்கெனவே ஒரு தடவை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள், மறுபடி கேட்டாள்.

"இந்தச் சில்லறை விஷயமெல்லாம் இப்ப வேணாம்!"

"பொண்ணோட வாழ்க்கை சில்லறையா?"

"சீட்டில எழுது!"

அன்று அம்மியில் அரைபட்ட மிளகாய்க்குத்தான் அவள் மனசு தெரியும். மாலையில் கடைக்குப் போய்க் கோடு போட்ட தாள் ஒரு கட்டு வாங்கிவந்தாள்.

முதல் நாள் நாலு சீட்டு. 'உப்புத் தீர்ந்தது. வாங்கலாமா?' 'கத்தரிக்காயா, வெண்டைக்காயா?' சேதுராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் படித்துப் பல்லைக் கடித்தார். மறுநாள் ஒன்பது. அதற்கடுத்த நாள் பதினாலு. 'பக்கத்து வீட்டுச் சேவல் நேரங்கெட்டுக் கூவுகிறது. என்ன செய்யலாம்?' ரத்தக்குழாய் இறுகுவது அவருக்கே கேட்டது. கத்தவும் முடியாது, விதி அவருடையது. ஒரு வாரத்தில் படிப்பதை விட்டார். 'சம்மதம், சே.' 'சம்மதம், சே.' பேனா தானாக ஓடியது.

"நாலே நிமிஷத்தில பத்தொன்பது சீட்டு!" என்று ராஜரத்தினத்திடம் மார்தட்டினார். "தம்பிராஜாவால முடியுமா?"

"படிச்சுப் பார்த்தா போட்டீங்க, அண்ணே?"

"படிச்சா மூளை தேயும்யா!"

ஜனவரி முதல் வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. நாற்காலி தம்பிராஜாவுக்கே. அன்று பிஸ்கட் டின் மூடி ஜன்னல் வழியாகப் பறந்தது. பத்திரிகை அடுப்புக்குப் போனது. விடிந்தும் ஆத்திரம் அடங்காமல் வாசலுக்கு வந்தார். ராஜரத்தினத்தின் மோரிஸ் கார் நின்றது. பக்கத்தில் டிரங்குப் பெட்டி. புதுச் சேலையில் சீதா.

"எங்கே புறப்பாடு?"

"பினாங்குக்கு," என்றாள் கமலவேணி. "இடம் கிடைச்சிருச்சு."

"யாரைக் கேட்டு?"

"உங்களைக் கேட்டுத்தான்."

"என்னையா? நான் செத்தாலும் அதில கையெழுத்துப் போடமாட்டேன்!"

"உசுரோட இருக்கும்போதே போட்டுட்டீங்களே."

தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். கள்ளத்தனம் என்றார். கூட்டுச்சதி என்றார். கமலவேணி அசையாமல் கேட்டுக்கொண்டாள். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவள் கோபம் அவருடையதைவிட நிதானமாக இருந்தது. உள்ளே போய் ஒரு சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

'மகள் சீதாவைப் பினாங்குக்குப் படிக்க அனுப்பலாமா? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். விண்ணப்பமும் இத்துடன் இருக்கிறது. பென்சிலால் குறியிட்ட இடத்தில் கையெழுத்திடவும்.'

கீழே நீல மையில் 'சம்மதம், சே.' அதோடு நிற்கவில்லை. 'மூன்றாவது தடவை' என்ற சொல் மட்டும் கண்ணில் பட்டிருக்கவேண்டும். முப்பது வருஷ அலுவலகப் பழக்கத்தில் கை மேலும் ஒரு வரி எழுதியிருந்தது: 'இத்தனை நாள் தாமதத்துக்கு யார் பொறுப்பு? உடனே விளக்கம் தேவை.'

சேதுராமன் தம் கையெழுத்தையே இரண்டு தடவை படித்தார்.

"சொல்லுங்க," என்றாள் கமலவேணி. "விளக்கத்தை நான் எழுதவா, நீங்களே எழுதுறீங்களா?"