சிறு செல்லுக்குச் சின்னக் குழாய்

பேளுக்குறிச்சிச் சந்தையில் அந்த மாதம் மிளகைவிட நுரையீரல்தான் அதிகம் பேசப்பட்டது. சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே சென்றாயன் சாமி. வெளியே வரிசை. சேலம், ராசிபுரம், நாமக்கல் என்று ஊர் ஊராக வேன் பிடித்து வந்தவர்கள், எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமியபடி நின்றார்கள். சாமி நெஞ்சில் குழாயை வைத்து உறிஞ்சினால் புற்றுக்கட்டி வெளியே வந்துவிடுமாம். கத்தி வேண்டாம், மயக்க ஊசி வேண்டாம். யோசனையும் வேண்டாம் என்பதை மட்டும் போர்டில் எழுதவில்லை.

தொண்டையில் முடியோ பருக்கையோ சிக்கிக்கொண்டால் குழாய் வைத்து உறிஞ்சித் தொக்கம் எடுப்பது இந்தப் பக்கத்துப் பழைய பழக்கம். சாமி அதே குழாயைக் கொஞ்சம் கீழே இறக்கி, நுரையீரலுக்கு வைத்துவிட்டார். இதை முன்னேற்றம் என்று சொல்லாமல் என்ன சொல்வது?

பதினெட்டாம் டோக்கனோடு நின்றவர் பிலிப். மலைமேல் பெரக்கரை நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். தினமும் சளியைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கிறவர். தன்னைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. "நான் சயின்ஸ் ஆளுங்க. கண்ணால பார்க்காம எதையும் நம்பமாட்டேன்" என்பார். அதனால்தான் கண்ணால் பார்க்க வந்திருந்தார்.

பக்கத்தில் மனைவி ஸ்டெல்லா. பள்ளிக்கூட விடுதியில் வார்டன். பீடிப்புகையைக் கண்டாலே மூக்கை மூடுகிறவளுக்கு நுரையீரலில் புற்று. புகைக்காத பெண்களுக்கும் வருகிறது, அவர்களில் சிலருக்கு ஏதோ ஜீன் மாறியிருக்கிறது, ஆராய்ச்சி நடக்கிறது என்று டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் விளக்கினார். நுரையீரல் புற்றில் சிறு செல், சிறு செல் அல்லாதது என்று இரண்டு வகை உண்டு, இது இரண்டாவது வகை, ஒரு பக்கம்தான், பரவவில்லை, வருகிற புதன்கிழமை அறுத்து எடுத்துவிடலாம் என்றார். தாமதிக்க வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார்.

அறுப்பது என்ற சொல்லைக் கேட்டதும் பிலிப்புக்குள் இருந்த சயின்ஸ் ஆள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டார். அவருக்குப் பயம். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே அவரால் முடியவில்லை. ஆனால் பயம் என்று ஒப்புக்கொள்வது கௌரவக் குறைச்சல் அல்லவா? 'மாற்று ஆராய்ச்சி' என்று அதற்குப் பெயர் வைத்தார். சாமி வைத்தியம் முடிய மூன்று சந்தை நாள் வேண்டும். ஆக, புதன்கிழமையைத் தள்ளிப்போட வேண்டும்.

"ஒரே ஒரு தடவை வாரேன். அங்க நான் சொல்றதைச் செய்யோணும். சரின்னா கெளம்புங்க" என்றாள் ஸ்டெல்லா.

கொட்டகை வாசலில் அண்ணாமலை என்ற ஆள் கூவிக்கொண்டிருந்தான். முன்பு லாரி புரோக்கர். "ரிப்போர்ட் இல்லாம சாமி தொடாதுங்க! சிறு செல்லுக்குச் சின்னக் குழாய்! சிறு செல் அல்லாததுக்குப் பெரிய குழாய்! பரம்பரை ஜீனுன்னா வளைஞ்ச குழாய்! நூத்துக்கு நூறு குணம்! சாமி மௌன விரதம், யாரும் பேச்சுக் குடுக்காதீங்க!"

பிலிப் பூரித்துப்போனார். "பார்த்தியா ஸ்டெல்லா, வகை பிரிச்சுத்தான் வைத்தியம் பண்றாங்க!"

"செருப்புக்கடையிலகூட சைசு பிரிச்சுத்தானுங்க தர்றாங்க."

பதினெட்டு வந்தது. ஸ்டெல்லா தன் ரிப்போர்ட்டை நீட்டினாள். பிறகு கணவனின் தோளைப் பிடித்துப் பாயில் உட்கார வைத்தாள். "சட்டையைக் கழட்டுங்க." கொடுத்த வாக்கு ஆயிற்றே, பிலிப் கழற்றினார்.

அண்ணாமலை ரிப்போர்ட்டைப் புரட்டினான். வகையைப் பார்த்தான், பெயரைப் பார்க்கவில்லை. பெரிய குழாய் வந்தது. சாமி பிலிப்பின் நெஞ்சில் வைத்துக் கன்னம் குழிய உறிஞ்சினார். கண்ணை உருட்டினார். வாழை இலையில் துப்பினார். கருஞ்சிவப்பாக ஒரு துண்டு!

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. பிலிப் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"ஸ்டெல்லா... எனக்குமா?"

உலகத்திலேயே தன் மனைவியின் ரிப்போர்ட்டை வைத்துத் தனக்குப் புற்று வந்துவிட்டதாக நம்பிய ஒரே லேப் டெக்னீஷியன் அவராகத்தான் இருப்பார். நெஞ்சுகூட லேசாக வலித்தது என்றால் பாருங்கள்.

"அந்த ரிப்போர்ட் என்னோடதுங்க. இவருக்கு இருமல்கூடக் கெடையாது" என்று ஸ்டெல்லா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அண்ணாமலை அசரவில்லை. "புருசன் பொஞ்சாதி ஒரே சோறு திங்கறீங்க. ஒரே ஜீனுதான் இருக்கும்!"

பிலிப் தலையாட்டப் போனார். பாதி ஆட்டியே விட்டார். பிறகுதான் ஒன்பதாம் வகுப்புப் பாடம் ஞாபகம் வந்தது.

"சரிங்க, இப்ப எனக்கு எடுங்க" என்று ஸ்டெல்லா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். "அதுக்கு முன்னால சாமி எல்லாருக்கும் முன்னால வாயைக் கொப்புளிக்கட்டும்."

சாமி கையை ஆட்டினார். "விரதம் கெட்டுரும்!" என்று கத்தினான் அண்ணாமலை.

வரிசையில் புருசனைக் கூட்டி வந்திருந்த பெருமாயி முன்னால் வந்தாள். "வாய் கொப்புளிச்சாக் கெட்டுப்போற சக்தி எப்படிங்க புத்தை எடுக்கும்?"

அப்போதுதான் பிலிப்புக்கு உறைத்தது. சட்டைகூடப் போடாமல் எழுந்தார். தொண்டைப் பரிசோதனைக்கு வரும் நோயாளிகளிடம் பல வருடமாகப் பேசிப் பழகிய அதே குரலில், சாமியின் முகவாயைப் பிடித்து, "ஆ காட்டுங்க" என்றார்.

அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவையாவது போனவர்கள் அந்தக் குரலுக்குக் கட்டுப்படாமல் இருக்க முடியாது. சாமியும் போயிருக்கிறார் போலும். ஆ காட்டிவிட்டார்.

கன்னத்துக்குள் இன்னும் மூன்று துண்டுகள் இருந்தன. பத்தொன்பது, இருபது, இருபத்தொன்றாம் டோக்கன்காரர்களின் புற்று, அவர்கள் உள்ளே வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

பெருமாயி எட்டிப் பார்த்தாள். "அட, கோழி ஈரலுங்க!"

ஐந்து நிமிடத்தில் கொட்டகையில் தகரம் மட்டும் மிஞ்சியது. அண்ணாமலை முதலில் ஓடினான், சாமி துப்பிக்கொண்டே பின்னால் ஓடினார்.

புதன்கிழமை காலை டவுன் ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லாவை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது பிலிப் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்டிப்பா குணமாயிருமுங்களா டாக்டர்?"

"நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா கண்டிப்பான்னு இப்பவே சொல்ல எனக்குத் தெரியாது. எடுத்து, சோதிச்சுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்."

பிலிப்புக்குக் கோபம் வந்தது. கோழி ஈரல்காரன்கூட நூற்றுக்கு நூறு என்றானே! அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவருக்கே வெட்கமாகிவிட்டது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி ஸ்டெல்லா அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிடும்.

"ஏனுங்க, தெரியாதுன்னு சொல்றவர்கிட்ட என்னைத் தைரியமா விட்டுட்டுப் போங்க. எல்லாம் தெரியும்னு எவனாச்சும் வந்தா மட்டும், மொதல்ல ஆ காட்டச் சொல்லுங்க."